லோடரில் மெமரி மேப்பிங் பிழையைச் சரிசெய்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

மதுரையில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் படிப்புக் குழு, எக்ஸ்86-64 கணினிக்கென ஒரு சிறு கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) எழுதிவருகிறது. அதன் லோடர், அதாவது நிரல் கோப்பை மெமரியில் ஏற்றும் பகுதி, சில நிரல்களைச் சரியாக ஏற்றியது. வேறு சில நிரல்கள், அவற்றில் ஒரு வரியைக் கூட்டினாலோ குறைத்தாலோ, தொடங்கியவுடன் பேஜ் ஃபால்ட்டில் (மெமரியின் ஒரு பக்கத்தை அணுக முடியாதபோது எழும் பிழையில்) விழுந்தன. அப்பிழையைத் தீர்த்த வழியை, இதே பணியில் இறங்கும் பிறருக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். சி மொழியும் பேஜ் டேபிளும் ஓரளவு அறிந்தவர் இதைப் பின்பற்றலாம். முகவரிகளும் கோப்பு ஆஃப்செட்டும் (கோப்பின் தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவும்) ஹெக்ஸ் எண்களிலும், அளவுகள் தசம எண்களிலும் தரப்பட்டுள்ளன. ஒரு பக்கம் என்பது 4096 பைட்.

படி 1: தவறு எங்கே நிகழ்கிறது எனப் பார்த்தல்

கியூஇஎம்யூ எமுலேட்டரில், இன்டரப்டுகளைப் பதிவுசெய்யும் வசதியை இயக்கி, தானாக மறுதொடக்கம் செய்வதை நிறுத்திவிட்டுக் கெர்னலை ஓட்டுங்கள். பேஜ் ஃபால்ட் வரும்போது சிஆர்2 ரிஜிஸ்டரில் இருப்பதே தவறு நேர்ந்த முகவரி. அதனுடன் வரும் பிழை எண்ணையும் பாருங்கள்: 6 என்றால், பயனர் நிரல் மேப் செய்யப்படாத (பேஜ் டேபிளில் இடம் தரப்படாத) பக்கத்தில் எழுத முயன்றிருக்கிறது, 7 என்றால், பக்கம் இருக்கிறது, ஆனால் எழுத அனுமதி இல்லை. எங்களுக்குக் கிடைத்தது 6, முகவரி 404000. ஜிடிபி என்னும் டீபக்கரை இந்தக் கட்டத்தில் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. முகவரியும் பிழை எண்ணும் சொல்வதை முழுமையாகப் புரிந்துகொள்வதற்கு முன் வரிவரியாக ஓட்டிப் பார்ப்பதால் நேரம்தான் செலவாகும்.

படி 2: கோப்பு என்ன கேட்கிறது எனப் படித்தல்

ரீட்எல்ஃப் கருவியில் செக்மென்ட் (மெமரியில் ஒரே தொகுதியாக ஏற்றப்படும் பகுதி) பட்டியலை எடுங்கள். ஆப்ஜ்டம்ப் என்னும் கருவியும் இதைக் காட்டும். ஆனால் நான்கு எண்களையும் ஒரே பார்வையில் ஒப்பிடுவதற்கு ரீட்எல்ஃப்பே ஏற்றது. எங்கள் நிரலின் டேட்டா செக்மென்ட் இவ்வாறு இருந்தது:

ஆஃப்செட் = 2840
முகவரி = 403840
கோப்பு அளவு = 288
மெமரி அளவு = 2336

ஆஃப்செட்டின் கடைசி மூன்று இலக்கமும் முகவரியின் கடைசி மூன்று இலக்கமும் ஒன்றே (840) என்பதைக் கவனியுங்கள். பக்க அளவால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி வர வேண்டும் என்பது ஈஎல்எஃப் என்னும் நிரல்கோப்பு வடிவத்தின் விதி. கோப்பின் பக்கங்களை அப்படியே மெமரியில் பொருத்த முடிவது இதனால்தான். கோப்பில் 288 பைட் மட்டுமே இருக்க, மெமரியில் 2336 கேட்கிறது. இடைப்பட்ட 2048 பைட், தொடக்க மதிப்புத் தரப்படாத குளோபல் மாறிகளுக்கு உரியது. அது முழுதும் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

படி 3: பக்கக் கணக்கு

பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். எங்கள் லோடரும் இங்கேதான் தவறியது. அது முகவரியைக் கீழ்நோக்கி 403000 ஆக்கியது. பிறகு மெமரி அளவான 2336-ஐத் தனியே மேல்நோக்கி 4096 ஆக்கி, ஒரு பக்கம் போதும் என முடிவுசெய்தது. ஆனால் செக்மென்ட் தொடங்குவது பக்கத்தின் முதலில் அன்று. 2112 பைட் தள்ளியே தொடங்குகிறது. 2112-உடன் 2336 சேர்ந்தால் 4448. ஆகவே கடைசி 352 பைட் அடுத்த பக்கத்தில் விழுகிறது. அந்தப் பக்கம் மேப் செய்யப்படவே இல்லை. மாட்டுத்தாவணியில் இரவு பத்து மணிக்குப் புறப்படும் சென்னைப் பேருந்து எட்டு மணி நேரமே ஓடினாலும் இரண்டு தேதிகளைத் தொடுவதைப் போல, ஒரு பக்கத்தைவிடச் சிறிய செக்மென்ட்டும் இரண்டு பக்கங்களைத் தொடலாம். பிழை எல்லா நிரல்களிலும் வெளிப்படாததற்கும் இதுவே காரணம்: செக்மென்ட் பக்கத்தின் முற்பகுதியில் தொடங்கினால் தவறான கணக்கும் சரியான விடையையே தரும்.

அளவை ஒருபோதும் தனியே முழுமையாக்காதீர்கள். இரு முனைகளையும் தனித்தனியே முழுமையாக்குங்கள் (மேல்முழுமை என்பது அடுத்த பக்க எல்லைக்கு உயர்த்துவது):

தொடக்கம் = முகவரி − (முகவரி % 4096)
முடிவு = மேல்முழுமை(முகவரி + மெமரி அளவு)
பக்கங்கள் = (முடிவு − தொடக்கம்) / 4096

எங்கள் எடுத்துக்காட்டில் தொடக்கம் 403000, முடிவு 405000, இரண்டு பக்கங்கள். கோப்பை நேரடியாக மேப் செய்தால், ஆஃப்செட்டையும் அதே 2112 பைட் பின்னுக்கு நகர்த்தி 2000 எனக் கொடுக்க வேண்டும். நகலெடுக்கும் லோடராக இருந்தால், நகல் புதிய பக்கத்தின் முதல் பைட்டில் அன்று, 2112 பைட் தள்ளித் தொடங்க வேண்டும்.

படி 4: வாலைப் பூஜ்யமாக்குதல்

கணக்கைத் திருத்தியதும் ஃபால்ட் நின்றது. ஆனால் தொடாத குளோபல் மாறி ஒன்றில் ஜிசிசி கம்பைலரின் பெயர் எழுத்துக்களாக இருந்தது. கோப்பை மேப் செய்யும்போது பக்கம் முழுவதும் வருகிறது; செக்மென்ட்டின் 288 பைட்டுக்குப் பிறகு கோப்பில் என்ன இருக்கிறதோ அதுவும் சேர்ந்தே வருகிறது. அங்கே இருந்தது, கம்பைலர் தன் பதிப்பைக் குறித்துவைக்கும் பகுதி. ஆகவே 403960 முதல் 404000 வரையிலான 1696 பைட்டை நாமே பூஜ்யமாக்க வேண்டும். 404000-இல் கோப்புடன் தொடர்பில்லாத புதிய பூஜ்யப் பக்கத்தை வைக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் பக்கத்தின் எஞ்சிய பகுதியைப் பூஜ்யமாக்கும் சிறு ஃபங்ஷனுக்குப் பேட்ஜீரோ என்று பெயர். அதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இதில் ஒரு நுட்பமான இடர் உண்டு. எஞ்சிய அளவை "4096 − (கோப்பு முடிவு % 4096)" என்று கணக்கிட்டால், கோப்புப் பகுதி சரியாகப் பக்க எல்லையில் முடியும்போது விடை 0-க்குப் பதில் 4096 என்று வரும். அடுத்த பக்கம் முழுதும் அழிந்துபோகும், அல்லது மீண்டும் ஃபால்ட் வரும். மீதி 0 என்றால் எதுவும் செய்யாமல் விடுங்கள்.

படி 5: எல்லைகளை நகர்த்திச் சோதித்தல்

ஒரே நிரலை ஓட்டிப் பார்த்து நிறைவுகொள்ள வேண்டாம். மதிப்புத் தரப்பட்ட ஓர் அரேயும் தரப்படாத ஓர் அரேயும் கொண்ட சிறு நிரலை எழுதி, முதல் அரேயின் அளவை ஒரு பக்கத்துக்கு மேல் செல்லும்வரை சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் இரண்டாவது அரே முழுதும் பூஜ்யமா எனச் சோதியுங்கள். பக்க எல்லையில் துல்லியமாக முடியும் அளவு ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும்.

பின்சேர்க்கை

இக்குறிப்பை வைத்துத் தம் கெர்னலைத் திருத்திய திருமங்கலத்து மாணவி ஒருவருக்கு இரண்டு புதிய சிக்கல்கள் வந்தன. முதலாவது: அவருடைய நிரலின் ஒரு செக்மென்ட்டில் கோப்பு அளவே 0. அது முறையான கோப்புதான். ஆனால் நீளம் 0 எனக் கொடுத்தால் மேப்பிங் அழைப்பு பிழையைத் திருப்பும். அச்சூழலில் கோப்பு மேப்பிங்கை முற்றிலும் தவிர்த்து, பூஜ்யப் பக்கங்களை மட்டும் வையுங்கள்.

இரண்டாவது இன்னும் கடினமானது. அவர் தாமே எழுதிய லிங்கர் ஸ்கிரிப்டில் (நிரலின் பகுதிகள் எந்த முகவரியில் அமர வேண்டும் எனச் சொல்லும் கோப்பில்) டெக்ஸ்ட் (நிரலின் கட்டளைகள்), டேட்டா ஆகியவற்றுக்கிடையே பக்க எல்லைக்கு நகர்த்தும் வரி இல்லை. அதனால் இரண்டும் ஒரே பக்கத்தில் அமர்ந்தன. லோடர் டேட்டாவுக்காக அதே முகவரியில் புதிய பக்கத்தை வைத்ததும் டெக்ஸ்ட்டின் கடைசிப் பகுதி மறைந்துவிட்டது. இதற்குச் சரியான தீர்வு, ஸ்கிரிப்டில் எல்லையைச் சேர்ப்பதே. லோடரிலும் காப்பு வேண்டும்: ஏற்கெனவே மேப் ஆன பக்கத்தின் மேல் மீண்டும் மேப் செய்ய நேர்ந்தால், அமைதியாக மாற்றிவைக்காமல், நிரலை ஏற்ற மறுத்து முகவரியை அச்சிடுங்கள். முன்பே இருக்கும் மேப்பிங்கை அழிக்காமல் பிழையைத் திருப்பும் வசதியை லினக்ஸும் 2018-இல் 4.17 பதிப்பில் சேர்த்தது.