சர்க்குலரில் தொடங்காதீர்கள்

பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் மேம்பாட்டு மையத்தை என் தலையில் கட்டியதும் நான் செய்த முதல் வேலை, எல்லாத் துறைகளுக்கும் சர்க்குலர் அனுப்பி மூன்று நாள் வொர்க்‌ஷாப் நடத்தியது. அரங்கு நிறைந்தது. சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. அடுத்த செமஸ்டரில் போய்ப் பார்த்தால், மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை சொல்ல வாங்கிக் கொடுத்த கிளிக்கர்கள் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் தூங்கின.

இந்தப் பொறுப்பு உங்களிடம் வந்தால், ஆசிரியர்களைத் திருத்தக் கிளம்பாதீர்கள். ஒரு பாடத்தை எடுத்து, வகுப்பில் மாணவர்களே யோசித்து வேலை செய்யும்படி மாற்றுங்கள். முதலாண்டில் அதிகம் பேர் அரியர் வைக்கும் பாடமாக இருக்கட்டும். அங்கே துறைத்தலைவருக்கே வலி இருக்கும், கதவைத் திறப்பார்.

துணைவேந்தர் ஆதாரம் கேட்டால் ஒன்று போதும். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் வெளியான கட்டுரை: விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி சுமார் 34 சதவீதம், மாணவர்களை வேலை செய்யவைத்த வகுப்புகளில் சுமார் 22.

பணத்தை மையத்தில் பூட்டி வைக்காமல் துறைக்குக் கொடுங்கள். இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வைமன் 2006-ல் கொலராடோ பல்கலைக்கழகத்திலும் 2007-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் செய்தது அதுதான். அந்தந்தப் பாடத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர்களைத் துறைக்குள் அமர்த்தி, ஆசிரியரோடு சேர்ந்து பாடத்தை மாற்ற வைத்தார். கல்வியியல் ஆள் வந்து வெப்ப இயக்கவியல் பேராசிரியருக்குப் புத்தி சொன்னால் எடுபடாது. சொந்தத் துறைக்காரர் சொன்னால் காது கொடுப்பார்.

நாங்கள் அமர்த்திய இளைஞர் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார், வாயே திறக்கவில்லை. "புரிஞ்சுதா?" என்று பேராசிரியர் கேட்பார், "புரிஞ்சுது சார்" என்று கோரஸ் வரும். மூன்றாம் வாரம் இளைஞர் அவரிடம் நான்கு விடைகளோடு ஒரே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதச் சொன்னார். விடை எண்ணை விரலால், பக்கத்தில் இருப்பவர் பார்க்காதபடி நெஞ்சோடு வைத்துக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் தப்பு. சாக்பீஸும் கையுமாகப் பேராசிரியர் அப்படியே நின்றார். பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் வாதாடவிட்டு மறுபடி விரல் காட்டச் சொன்னோம். பெரும்பாலானவர்கள் சரியான விடைக்கு வந்துவிட்டார்கள். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களிலேயே நடத்திக்காட்டிய முறைதான். கிளிக்கரே தேவைப்படவில்லை என்பது எனக்கு மட்டும் கொஞ்சம் கசப்பு.

ஒன்றை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு செமஸ்டர் மாணவர்கள் ஆசிரியருக்குத் தரும் மதிப்பீட்டைப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த, 2019-ல் வெளியான ஆய்வில், இப்படிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். மூளை கஷ்டப்பட்டால் அப்படித்தான் தோன்றும். பாடத்தை மாற்றுபவருக்கு அந்த செமஸ்டர் நடத்த வேண்டிய பாடங்களில் ஒன்றைக் குறைத்துவிடுங்கள். பாராட்டு விழாவெல்லாம் அப்புறம்.

கேள்விகள், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள், வாரத் திட்டம் எல்லாவற்றையும் துறையின் பெயரில் ஒரே ஃபோல்டரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டேன். நான்காம் செமஸ்டரில் பேராசிரியர் விடுப்பில் போனார். இளைஞரின் ஒப்பந்தமும் முடிந்தது. புதிதாக வந்தவர் முதல் நாள் திறந்தது, பழைய பவர்பாயிண்ட்டை.