வுட் பி சீப்பர், வுட் பி பெட்டர்: ‘செஞ்சா நல்லாயிருக்கும்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

“பஸ்ல போனா செலவு குறையும்.” “நாளைக்கு வந்தா இன்னும் நல்லாயிருக்கும்.” நாள் முழுக்க நாம் பேசுகிற வாக்கியங்கள்தான் இவை. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மட்டும் ‘இட் வுட் பெட்டர்’, ‘இட் வுட் பி மோர் பெட்டர்’, ‘இட் வுட் பி சீப் தேன் ஆட்டோ’ என்று வந்து விழுகின்றன. மூன்றுமே தவறு.

தவறுக்குக் காரணம் தமிழின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘ஆட்டோவை விட மலிவு’ என்னும்போது ஒப்பிடும் வேலையை ‘விட’ பார்த்துக்கொள்கிறது, ‘மலிவு’ மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லும் மாற வேண்டும், ‘தேன்’ என்பதும் வர வேண்டும். அதுபோல, ‘நல்லாயிருக்கும்’ என்பதில் ‘இரு’ ஒட்டிக்கொண்டே வருவதால், அதற்குத் தனியாக ஒரு ‘பி’ போட வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

படி 1: சட்டகத்தை மனதில் பதியுங்கள்

எழுவாய் + வுட் + பி + ஒப்பீட்டுச் சொல் + தேன் + எதை விட.

“தி பஸ் வுட் பி சீப்பர் தேன் ஆன் ஆட்டோ.”

வுட் ஒரு துணைவினை. அதை அடுத்து வினைச்சொல்லின் மூல வடிவம் மட்டுமே வரும். ‘வுட் இஸ்’, ‘வுட் வாஸ்’ கிடையாது. வுட் இருக்கும் இடத்தில் மைட் போட்டால் ‘ஒருவேளை’ என்ற பொருள் கிடைக்கும். ‘பி’க்குப் பதில் லுக், ஃபீல், சவுண்ட், டேஸ்ட் போன்றவையும் வரலாம்: “வித் ஒயிட் பெயின்ட், தி ரூம் வுட் லுக் பிக்கர்.”

ஆனால் டிரைவ், ஸ்பீக் போன்று ஒரு செயலைச் சொல்லும் வினை வந்து, அதை எப்படிச் செய்வார் என்று சொல்வதானால், பெயரடை (அட்ஜெக்டிவ்) போதாது, வினையடை (அட்வெர்ப்) வேண்டும். “ஹி வுட் டிரைவ் மோர் கேர்ஃபுலி” சரி. ‘மோர் கேர்ஃபுல்’ தவறு.

எழுதும்போது தேன் என்பதில் மூன்றாவது எழுத்து ‘ஏ’. அங்கே ‘ஈ’ போட்டால் அது ‘தென்’ ஆகி, ‘அப்புறம்’ என்ற பொருளுக்குப் போய்விடும். கணினியின் எழுத்துப்பிழை திருத்தி இதைப் பல நேரம் பிடிக்காது. இரண்டுமே சரியான சொற்கள் ஆயிற்றே.

படி 2: பெயரடையை மாற்றுங்கள்

ஓர் அசைச் சொல் என்றால் கடைசியில் ‘ஈ-ஆர்’: சீப், சீப்பர், ஃபாஸ்ட், ஃபாஸ்டர். பிக், ஹாட் போன்றவற்றில் கடைசி எழுத்தை இரட்டித்துவிட்டுச் சேர்க்க வேண்டும். ஈஸி, ஹெவி போல ‘ஒய்’யில் முடிந்தால் அது ‘ஐ’ ஆகும்: ஈஸியர், ஹெவியர். எக்ஸ்பென்ஸிவ், கம்ஃபர்டபிள் போன்ற நீண்ட சொற்களுக்கு முன்னால் மோர். குட் என்பது பெட்டர் ஆகும், பேட் என்பது வர்ஸ் ஆகும். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

மோர், ஈ-ஆர் இரண்டில் ஒன்றுதான் வரலாம். பெட்டர் என்பதிலேயே ‘இன்னும்’ இருப்பதால் ‘மோர் பெட்டர்’ வராது. அழுத்தம் வேண்டுமென்றால் மச், ஃபார், எ லாட் போடுங்கள். கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் எ பிட். ‘வெரி சீப்பர்’ தவறு, “மச் சீப்பர்” சரி.

படி 3: ‘இஃப்’ பகுதியைச் சேர்த்தல்

தடுமாற்றம் அதிகம் இங்கேதான். “இஃப் வி டுக் தி பஸ், இட் வுட் பி சீப்பர்.” இதில் டுக் இறந்தகால வடிவம். ஆனால் பேச்சு நடந்து முடிந்ததைப் பற்றியது அல்ல, இனி செய்யக்கூடியதைப் பற்றியது. ‘இது வெறும் யோசனை’ என்று காட்டத்தான் அந்த வடிவம். தமிழிலும் ‘போனால்’ என்பதற்குள் ‘போன’ இருக்கிறதே, அதை நினைவில் வைத்தால் குழப்பம் குறையும்.

இஃப் இருக்கும் பக்கத்தில் வுட் போடாதீர்கள். ‘இஃப் வி வுட் டேக் தி பஸ்’ என்று நம் ஊரில் பலர் பேசினாலும் தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

வில் போட்டால் தவறா? இல்லை. “இஃப் வி டேக் தி பஸ், இட் வில் பி சீப்பர்” முழுக்கச் சரி. நிஜமாகவே போகக்கூடும் என்ற தொனி. இரண்டையும் கலந்து ‘இஃப் வி டுக்… இட் வில் பி’ என்று எழுதுவதுதான் பிழை. மேலதிகாரியிடம் ஒன்றைப் பரிந்துரைக்கும்போது வுட் பணிவாக ஒலிக்கும்.

நடந்து முடிந்து, இனி மாற்ற முடியாதது என்றால் ‘வுட் ஹேவ் பீன்’: “இஃப் வி ஹேட் புக்ட் ஏர்லியர், தி டிக்கெட்ஸ் வுட் ஹேவ் பீன் சீப்பர்.” முன்பே பதிவு செய்திருந்தால் குறைந்திருக்கும், செய்யவில்லை, அவ்வளவுதான்.

படி 4: ‘டி’யில் கவனம்

பேச்சில் வுட், ஹேட் இரண்டுமே சுருங்கி ஒரு மேற்குறியும் ‘டி’ எழுத்துமாக நிற்கும். அதனால் இந்த இரண்டு வாக்கியங்களும் ஒன்றுபோலத் தோன்றும்:

“இட்’ட் பி பெட்டர் இஃப் யூ கேம் டுமாரோ.”
“யூ’ட் பெட்டர் கம் டுமாரோ.”

முதலாவது ஆலோசனை: நாளைக்கு வந்தீங்கன்னா நல்லாயிருக்கும். இரண்டாவதில் உள்ளது வுட் அல்ல, ஹேட் பெட்டர். ‘மரியாதையா நாளைக்கு வந்துடு’ என்ற அளவுக்கு அதில் எச்சரிக்கை ஏறிவிடலாம். வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் இது வந்தால் சங்கடம். அடையாளம் எளிது: ‘டி’க்கும் பெட்டருக்கும் இடையே ‘பி’ இருந்தால் அது வுட். சந்தேகம் வந்தால் சுருக்காமல் முழுசாக எழுதிவிடுங்கள்.

பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

வீட்டிலேயே சமைத்தால் செலவு குறையும்.
விடை: “இட் வுட் பி சீப்பர் டு குக் அட் ஹோம்.” இஃப் இல்லாமலே ‘டு’ போட்டுச் சொல்லும் இந்த வழிதான் பேச்சில் எளிது. எதை விட என்பது கேட்பவருக்குத் தெரியும் என்பதால் ‘தேன்’ இங்கே தேவையில்லை.

சாலை இன்னும் அகலமாக இருந்திருந்தால் பயணம் பாதுகாப்பாக இருந்திருக்கும்.
விடை: “இஃப் தி ரோடு ஹேட் பீன் வைடர், தி ஜர்னி வுட் ஹேவ் பீன் சேஃபர்.”

மீட்டிங்கை மாலைக்கு மாற்றினால் எனக்கு இன்னும் ரொம்ப வசதி.
விடை: “இட் வுட் பி மச் மோர் கன்வீனியன்ட் ஃபார் மி இஃப் வி மூவ்ட் தி மீட்டிங் டு தி ஈவினிங்.” மூவ்ட் என்பதில் கடைசி ‘டி’ விட்டுப்போயிருந்தால் படி 3-ஐ இன்னொருமுறை பாருங்கள்.