வெளிநாட்டுப் பத்திரத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டாரில் காலமானவரின் கல்முனைக் காணிக்கு மரணசாதன வழக்கு. லண்டனில் விவாகரத்தானவரின் சொத்துப் பிணக்கு மட்டக்களப்பு மாவட்ட நீதிமன்றத்தில். இப்படியான வழக்குகளில் ஐந்தாறு முத்திரை குத்திய பத்திரம்கூடச் சான்றாக ஏறாமல் போகலாம். நீதிபதி முத்திரைகளை எண்ணுவதில்லை. முத்திரைக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது அந்த வாசகத்தில்தான். வெளிநாட்டுப் பகிரங்க ஆவணத்துக்கு (அரச அதிகாரிகள் பேணும் பதிவு போன்றவை) இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 78(6)ஆம் பிரிவு வழி சொல்கிறது. மூலத்தையே கொடுக்கலாம். பிரதி என்றால், மூலத்தைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரி அதை உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். அவர் அப்படி முறையாக உறுதிப்படுத்தினார் என்று நொத்தாரிசோ நமது தூதரக அதிகாரியோ முத்திரையுடன் சான்றளிக்க வேண்டும். ஆனால் பல நொத்தாரிசுகள் எழுதித் தருவது, “மூலத்தைப் பார்த்தேன், இது அதன் உண்மைப் பிரதி” என்று மட்டும். மூலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்ற பேச்சே அதில் இல்லை. வேண்டிய வசனம் இது: “இப்பிரதியை உறுதிப்படுத்தியவர், மூல ஆவணத்தைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரி.” வெளிநாட்டில் இருக்கும் உறவினர் நொத்தாரிசிடம் போகுமுன்பே, சட்டத்தரணியிடம் இதை ஆங்கிலத்தில் எழுதி வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டு அரசு தன் நாட்டு ஆவணத்துக்கு வழங்கும் அப்போஸ்டில் என்ற சான்று இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நம்புவதும் தவறு. 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையின்படி அது கையொப்பமும் பதவியும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்லும், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்காது.

78(6)இன் கடைசிப் பகுதி பலர் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஆவணம் அந்நாட்டுச் சட்டப்படி என்ன தன்மையுடையது என்பதையும் நிரூபிக்க வேண்டும். மூலத்தையே கொடுத்தாலும் இது தேவை. வெளிநாட்டுச் சட்டம் இங்கே நிரூபிக்கப்பட வேண்டிய ஒரு விடயம். 45ஆம் பிரிவின்படி அந்நாட்டுச் சட்டம் தெரிந்த நிபுணரின் சாட்சியமோ, 38ஆம் பிரிவின்படி அந்த அரசின் அதிகாரத்துடன் அச்சிட்ட சட்டநூலோ உதவும்.

வெளிநாட்டு நீதிமன்றப் பதிவேட்டின் பிரதிக்கு 86ஆம் பிரிவு கொஞ்சம் இலகுவான வழி. பிரதிகளை இப்படி உறுதிப்படுத்துவதே அந்நாட்டு வழக்கம் என்று அங்குள்ள நமது அரசின் பிரதிநிதி சான்றளித்தால், பிரதி உண்மையானது என நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகித்தே ஆகவேண்டும் என்றில்லை. பிரதி ஏறினாலும், தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கு நியாயாதிக்கம் (அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) இல்லை, தீர்ப்பு மோசடியால் பெறப்பட்டது என்று எதிராளி 44ஆம் பிரிவின் கீழ் வாதாட இடமுண்டு.

கையில் கிடைத்த பத்திரக் கட்டைப் பிரிக்காதீர்கள். போட்டோக்கொப்பி எடுக்கப் பின்னைக் கழற்றித் திரும்ப அடித்தால் மூலையில் இரண்டாவது துளைச் சோடி தெரியும்; றிப்பனின் அரக்கு வெடிக்கும். தாள் மாற்றப்பட்டதா என்ற குறுக்கு விசாரணைக்கு அது போதும். பிரிக்காமல் மடித்தே பிரதி எடுக்கலாம்.

அரபுப் பத்திரத்தை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள்; முத்திரையிலும் ஓரத்திலும் உள்ள எழுத்துகளும் பெயர்க்கப்பட வேண்டும். கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் மரணப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை வழக்குத் தாக்கலின்போதே இணையுங்கள்.

இறந்தவர் இலங்கைப் பிரஜை என்றால், 1981ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கொன்சியூலர் பணிகள் சட்டத்தின் கீழ் அங்குள்ள நமது தூதரகத்திலேயே மரணத்தைப் பதியலாமா என்று முதலில் கேளுங்கள். பதிந்துவிட்டால் வெளிநாட்டுப் பத்திரத்தோடு மல்லுக்கட்டாமல், நமது பதிவின் பிரதியையே நீதிமன்றத்தில் கொடுக்கலாம்.