சிறிய காரின் டிக்கிக்குள் அடங்கும் ஸ்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குழந்தைக்கு ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் மடக்கு வண்டி, வாங்குவது என்று வீட்டில் முடிவானதும், கடைக்குப் புறப்படுவதற்கு முன் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் காரின் டிக்கியைத் திறந்து அளந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இதைச் செய்யாமல் விட்டோம். நிறத்தையும் மெத்தையின் தடிமனையும் பார்த்து இணையத்தில் வாங்கிய வண்டி வந்து சேர்ந்த அன்று, ஆல்ட்டோவின் டிக்கிக்குள் அதை நிமிர்த்தியும் சாய்த்தும் கவிழ்த்தும் வைத்துப் பார்த்தோம். எப்படி வைத்தாலும் கதவு ஒரு சாண் அளவுக்கு மூடாமலே நின்றது. விற்பனைப் பக்கத்தில் கொடுத்திருந்த ‘மடித்த அளவு’ என்பது முன்சக்கரங்களைக் கழற்றிய பிறகு எடுத்த அளவு என்று, கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகே தெரிந்தது. கைக்குழந்தையோடு வெளியே போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் சக்கரங்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமில்லை. அந்த வண்டி வீட்டு வராந்தாவோடு நின்றுவிட்டது.

கார் நிறுவனங்கள் டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொல்கின்றன. ஆல்ட்டோ கே10-க்கு 214, டியாகோவுக்கு 242, கிராண்ட் ஐ10 நியோஸுக்கு 260, க்விட்டுக்கு 279, வேகன் ஆருக்கு 341. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட இந்த எண்கள் உதவுமே தவிர, நீங்கள் வாங்கப்போகும் ஸ்ட்ரோலர் உள்ளே நுழையுமா என்பதற்கு அவற்றில் விடை இல்லை. பரவலாகப் பின்பற்றப்படும் வி.டி.ஏ. என்ற ஜெர்மானிய முறையில், 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் கொண்ட ஒரு லிட்டர் கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி, எத்தனை கட்டைகள் கொள்கின்றன என்று எண்ணுகிறார்கள். செங்கல்லைவிடச் சிறிய அந்தக் கட்டை, சக்கர வளைவை ஒட்டிய இண்டு இடுக்கிலும் போய் உட்கார்ந்துவிடும். வளையாத அலுமினியச் சட்டம் அப்படி உட்காராது. பின் இருக்கையை மடித்தால் கிடைக்கும் என்று விளம்பரங்கள் தரும் பெரிய எண்ணையும் மறந்துவிடுங்கள். குழந்தையும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரும் அந்த இருக்கையில்தான் வரப்போகிறார்கள். பல சிறிய கார்களில் அது முழுவதும் ஒரே பலகையாகத்தான் மடியும்.

அளக்கும்போது முதலில் டிக்கியின் வாயை அளவெடுங்கள். உள்ளே இடம் தாராளமாக இருந்தாலும் வாய் குறுகலாக இருந்தால் பொருள் நுழையாது. சிறிய கார்களில் வாயின் அடிப்பகுதி விளக்குகளுக்கு இடையே ஒடுங்கியே இருக்கும் என்பதால், மிகக் குறுகிய இடத்தின் அகலத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். அடுத்தது, உள்ளே இரு சக்கர வளைவுகளுக்கும் நடுவே உள்ள தரையின் அகலம். பிறகு, இருக்கையின் முதுகிலிருந்து கதவு வரை உள்ள ஆழத்தைத் தரையில் ஒருமுறையும் பார்சல் ட்ரேயின் (டிக்கியை மேலே மூடும் பலகை) உயரத்தில் ஒருமுறையும் அளந்துகொள்ளுங்கள். இருக்கையின் முதுகு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், கதவும் மேலே போகப்போக உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்; அதனால் இந்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருப்பது அரிது. எங்களுடைய முதல் வண்டி தோற்றுப்போனது அந்த மேல் ஆழத்தில்தான்.

இவற்றை எழுதிக்கொண்ட பிறகும் மனத்துக்குள் முப்பரிமாணக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பக்கத்து மளிகைக் கடையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஸ்ட்ரோலரின் மடித்த நீளம், அகலம், உயரத்துக்கு ஏற்ப அதை வெட்டி ஒட்டி, டிக்கிக்குள் வைத்துக் கதவை மூடிப் பாருங்கள். கதவின் உட்புறப் புடைப்பு, பூட்டுக் கொக்கி, பார்சல் ட்ரேயின் கயிறு என்று டேப்பில் சிக்காதவை எல்லாம் பெட்டி நசுங்குகிற இடத்தில் தெரிந்துவிடும். பெட்டியை வைத்த பிறகு, வழக்கமாக நீங்கள் கொண்டுபோகும் டயபர் பையையும் ஒரு காய்கறிப் பையையும் கூடவே வைத்துப் பார்ப்பது நல்லது. ஸ்ட்ரோலர் மட்டும் தனியாக ஊருக்குப் போவதில்லை.

எரிவாயுவில் ஓடும் சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை இன்னும் அவசியம். ஒற்றைச் சிலிண்டர் பொருத்திய கார்களில் டிக்கியின் பெரும்பகுதியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்ளும். சிலவற்றில் ஸ்டெப்னியும் அதே இடத்தில் நிற்கும். டாடா நிறுவனம் 2023-இல் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கடியில் வைக்கும் அமைப்பைக் கொண்டுவந்ததால், அத்தகைய கார்களில் மேலே தட்டையான இடம் மிஞ்சுகிறது. மற்றவர்கள் டிக்கியை நம்பாமல், முன் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தக்கூடிய மிகச் சிறிய வகையைத் தேடுவதே வழி.

இனி வண்டி மடியும் விதத்துக்கு வருவோம். ‘சின்னதாக மடியும்’ என்று எல்லா விற்பனையாளர்களும் சொல்வார்கள். எந்தத் திசையில் சின்னதாகிறது என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். குடையைப் போல ஒடுங்கும் வகையை 1965-இல் உருவாக்கியவர் ஓவன் மெக்ளாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். விமானத்தின் சக்கரக் கால்களை வடிவமைத்த அனுபவத்தைக் கொண்டு, மூன்று கிலோ அளவுக்கு எடை குறைந்த அலுமினிய வண்டியை அவர் செய்தார். அந்தக் குடை மடிப்பு ஒல்லியானது, ஆனால் நீளமானது. மடித்த பிறகும் ஒரு மீட்டருக்கு மேல் நிற்கும். டிக்கித் தரையின் அகலம் 90 செ.மீ., ஆழம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மூலைக்கு மூலை 108 செ.மீ. வரும். 105 செ.மீ. நீள வண்டி அதில் அடங்கிவிடும் என்று தோன்றும். கட்டின் பருமன் மூலைக்குள் நுழைய விடாது என்பதால் உண்மையில் அடங்காது. பெரிய டிக்கிக்கு உகந்த இந்த வகையைச் சிறிய காருக்கும் உகந்தது என்று பலர் வாங்கி ஏமாறுகிறார்கள்.

புத்தகத்தைப் போல இரண்டாக மடியும் வகையில் மெத்தையும் சக்கரமும் பெரிதாக, குழந்தைக்கு வசதியாக இருக்கும். மடித்தாலும் ஒரு நடுத்தரச் சூட்கேஸ் அளவுக்குப் பருமனாக நிற்பதால், வேகன் ஆர் போன்ற உயரமான டிக்கிக்குப் பொருந்துவது ஆல்ட்டோவுக்குப் பொருந்தாமல் போகலாம். விமானத்துக்குள் கைப்பையாகக் கொண்டுபோகும் அளவுக்கு மூன்றாக மடியும் ‘கேபின்’ வகையே சிறிய காருக்குப் பெரும்பாலும் கைகொடுக்கிறது. இதில் பெயர்பெற்ற யோயோ வண்டி 52 செ.மீ. நீளம், 44 செ.மீ. அகலம், 18 செ.மீ. தடிமனுக்குள் அடங்கும். இதே அளவை ஒட்டிப் பல நிறுவனங்கள் விலை குறைந்த வண்டிகளையும் விற்கின்றன. என்னைக் கேட்டால், டிக்கி 300 லிட்டருக்குக் குறைவாக இருக்கும் குடும்பங்கள் இந்த வகையிலிருந்தே தேடலைத் தொடங்கலாம்.

ஆனால் காருக்குப் பொருந்துவது குழந்தைக்கும் பொருந்த வேண்டும். தலை நிற்காத, தானாக உட்காரத் தெரியாத குழந்தை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, தட்டையாகவோ ஏறக்குறையத் தட்டையாகவோ படுக்கும்படி முதுகுப் பகுதி சாய வேண்டும். நிமிர்ந்த இருக்கையில் தலை முன்னால் கவிழ்ந்தால் மூச்சுப்பாதை மடங்கிவிடும். எடை குறைந்த வண்டிகளில் பலவும் பாதிச் சாய்வோடு நின்றுவிடுகின்றன. பிறந்த ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசிக்குக் கொண்டுபோகத்தான் வண்டி வேண்டும் என்றால், முழுச் சாய்வு இல்லாததை எவ்வளவு அழகாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ஆறு மாதம் வரை தோளும் தூளியும் போதும் என்று இருக்கிற வீட்டில், அதன் பிறகு வாங்கினால் தேர்வு எளிதாகிவிடும்.

கடையில் செய்து பார்க்க வேண்டிய முக்கியமான சோதனை ஒன்று உண்டு. இடது தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, குழந்தை உடன் இல்லையென்றால் ஐந்து கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு, வலக்கை ஒன்றால் வண்டியை மடித்துப் பாருங்கள். ஒரு மாலை, மருத்துவமனை வாசலில் மழை பிடித்துக்கொண்டபோது, என் மனைவி குழந்தையின் தலையைத் துப்பட்டாவால் மூடி மார்போடு அணைத்தபடி, இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மடியும் வண்டியை ஒரு காலால் உதைத்து உதைத்து மடிக்கப் பார்த்ததை, நான் காரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். கடைசியில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து மடித்துக் கொடுத்தார். அவரை இப்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறோம். அடுத்த வண்டியைத் தேடியபோது மடிக்கும் சோதனையை நாங்கள் இருவரும் செய்ததோடு நிற்காமல், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியாரையும் கடைக்கு அழைத்துப்போய் மடிக்கச் சொன்னோம். மூட்டுவலி உள்ளவர் குனியாமல் மடிக்க முடிந்த வண்டிதான் எங்கள் வீட்டில் தினமும் வெளியே போகிறது.

எடையையும் அப்போதே தூக்கிப் பாருங்கள். சிறிய கார்களில் டிக்கியின் விளிம்பு இடுப்பை ஒட்டிய உயரத்தில் இருப்பதால், வண்டியை முதலில் மேலே தூக்கிப் பிறகு உள்ளே இறக்க வேண்டும். ஆறேழு கிலோ வண்டிக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோ வண்டிக்கும் உள்ள வேறுபாடு அந்த விளிம்பில்தான் தெரியும். சிசேரியன் ஆன தாய்மார்களைக் குழந்தையின் எடையைவிடக் கூடுதலாக எதையும் சில வாரங்களுக்குத் தூக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. தனியாகப் போய்வரும் தாய்க்கு இது முதல் நிபந்தனை.

எடை குறையக் குறையச் சக்கரமும் சிறிதாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். விமான நிலையத்திலும் வணிக வளாகத்திலும் வழுக்கிக்கொண்டு போகும் சிறிய பிளாஸ்டிக் சக்கரம், நம் ஊர் நடைபாதையின் பெயர்ந்த கல்லில் மாட்டிக்கொண்டு முன்னால் கவிழப் பார்க்கும். தியாகராய நகர் பாண்டி பஜார் போன்ற அகன்ற நடைபாதைகளில் எதுவும் ஓடும். உங்கள் தெரு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். முன்சக்கரத்தைத் திரும்பாமல் பூட்டும் வசதியும், சக்கரத்தின் மேல் ஓரளவு அதிர்வுதாங்கியும் இருந்தால் போதுமானது. மெரினா மணலில் இந்த வண்டிகள் எவையும் ஓடாது.

தோள், இடுப்பு, காலிடை என ஐந்து முனைகளில் பிடிக்கும் பெல்ட், ஒரே மிதியில் இரு பின்சக்கரங்களையும் பிடிக்கும் பிரேக், மடித்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கி ஆகிய மூன்றிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மடியும் கீல்களைத் தொட்டுப் பாருங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் குடைவகை ஸ்ட்ரோலர்களைத் திரும்ப அழைத்துக் கீல்களுக்கு உறை வழங்க வேண்டியதாயிற்று. விரிக்கும்போது கீலுக்குள் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டான சம்பவங்களே அதற்குக் காரணம். எந்த வண்டியானாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கைப்பிடியில் கனமான பையை மாட்டினால் இலேசான வண்டி பின்னால் சாய்ந்துவிடும் என்பதால், சுமையை அடிக்கூடையில் வைப்பதே பாதுகாப்பு. வெயிலுக்காக வண்டியின் வாயைத் துண்டால் மூடவும் கூடாது. உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறிவிடும்.

காருக்குள் மடித்த வண்டி டிக்கித் தரையில் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். பார்சல் ட்ரேயின் மேலோ, பின் இருக்கையில் குழந்தைக்குப் பக்கத்திலோ கட்டாமல் வைத்தால், திடீரென்று பிரேக் போடும்போது அது முன்னால் பாயும். குழந்தைக்கென்று தனியாகக் கார் இருக்கை தேவை என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்ட்ரோலர் அதற்கு ஈடாகாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்டவர்களை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம் உண்டு. மழைநாளில் சேறு படிந்த சக்கரங்களைச் சுற்றிக் கட்ட ஒரு பழைய வேட்டியை டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.

நேரில் வாங்குவதானால் காரிலேயே கடைக்குப் போய், பணம் கொடுப்பதற்கு முன் காட்சிக்கு வைத்திருக்கும் வண்டியை டிக்கியில் ஏற்றிக் கதவை மூடிப் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்காமல் அனுமதிக்கும் கடைகள் இருக்கின்றன. இணையத்தில் வாங்குவதானால், மடித்த அளவு சக்கரங்களோடு சேர்த்து எடுத்ததா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வந்த அன்றே, பிளாஸ்டிக் உறைகளைப் பிரிக்காமல், மேற்கூரையும் கூடையும் முன்கம்பியும் பொருத்திய நிலையில் மடித்து டிக்கியில் வைத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும் வரை அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.