ஜெர்மனியின் 2. புண்டெஸ்லிகா: புள்ளிப் பட்டியலைப் படிப்பது எப்படி?

ஜெர்மன் கால்பந்தின் இரண்டாம் அடுக்கில் 18 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 17 அணிகளோடு சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரணி மைதானத்தில் ஒருமுறை என 34 ஆட்டங்கள் ஆடும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. இதுவரை சிக்கலில்லை. குழப்பமெல்லாம் பட்டியலின் 3ஆம் இடத்திலும் 16ஆம் இடத்திலும்தான்.

படி 1: நான்கு கோடுகள் போடுங்கள்

2, 3, 15, 16 ஆகிய இடங்களுக்குக் கீழே கோடு இழுங்கள். முதல் இரண்டு அணிகள் நேராக முதல் பிரிவுக்குப் போகும். கடைசி இரண்டும் மூன்றாம் அடுக்கான 3. லிகாவுக்கு இறங்கும். 3ஆம் இடமும் 16ஆம் இடமும் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியாக வேண்டும். நடுவில் இருப்பவர்களுக்கு அடுத்த பருவமும் இதே பிரிவுதான்.

படி 2: சமப் புள்ளி வந்தால்

முதலில் கோல் வித்தியாசம் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தது), அடுத்து அடித்த மொத்த கோல்கள், அதற்குப் பிறகுதான் இரு அணிகளும் மோதிய ஆட்டங்களின் முடிவு. ஸ்பெயின் லீக் பார்த்துப் பழகியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டுத் தவறான அணியை மேலே ஏற்றிவிடுவார்கள். 2018-19இல் பாடர்போர்ன், யூனியன் பெர்லின் இரண்டுக்கும் 57 புள்ளிகள். கோல் வித்தியாசம் பாடர்போர்னுக்கு +26, யூனியனுக்கு +21. அந்த ஐந்து கோல் யூனியனை 3ஆம் இடத்தில் நிறுத்தியது.

படி 3: 3ஆம் இடத்தை ‘உயர்வு’ என்று எழுதாதீர்கள்

3ஆம் இடத்து அணி, முதல் பிரிவில் 16ஆவதாக முடித்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆடும். முதல் ஆட்டம் மேல் பிரிவு அணியின் ஊரில். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். சமமானால் 30 நிமிடக் கூடுதல் நேரம், பிறகு பெனால்டி. எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதி 2022 முதல் இல்லை. 2019இல் அது இருந்தது. முதல் பிரிவின் ஸ்டுட்கார்ட்டோடு அதன் ஊரில் 2-2, சொந்த ஊரான பெர்லினில் 0-0 என முடித்த யூனியன், தோற்காமலும் வெல்லாமலும் மேலே போனது.

கீழிருந்து வருபவர்களுக்கு இது கடினமான வாசல். இந்த மோதல் திரும்ப வந்த 2009 முதல் 2025 வரை 17 முறை நடந்ததில் இரண்டாம் பிரிவு வென்றது மூன்றே முறை: 2009இல் நூர்ன்பெர்க், 2012இல் டுசல்டார்ஃப், 2019இல் யூனியன். 2024இல் டுசல்டார்ஃப், முதல் பிரிவின் போகும் (Bochum) அணியை அதன் ஊரில் 3-0 என வென்றும், சொந்த மண்ணில் அதே 0-3இல் தோற்று, பெனால்டியில் வாய்ப்பை இழந்தது.

16ஆம் இடத்து அணியும் இதேபோல இரண்டு ஆட்டம் ஆடும், எதிரில் 3. லிகாவின் 3ஆம் அணி. ஒரு விதிவிலக்கு உண்டு. பெரிய கிளப்களின் இரண்டாம் அணிகள் 3. லிகாவுக்கு மேல் ஏற முடியாது. 2020இல் அங்கே முதலிடம் பிடித்தது பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி. அதனால் 3ஆம் அணி நேரடியாக ஏறியது, மோதல் வாய்ப்பு 4ஆம் இடத்து இங்கோல்ஸ்டாட்டுக்குப் போனது.

படி 4: பழைய பட்டியலில் ஆண்டைப் பாருங்கள்

1974இல் தொடங்கியபோது வடக்கு, தெற்கு என்று தலா 20 அணிகளில் இரு பிரிவு. 1981இல் ஒன்றாயின. ஜெர்மனி இணைந்தபின் கிழக்கின் அணிகளுக்கு இடம் கொடுக்க 1991-92இல் மறுபடி இரண்டாகப் பிரித்தார்கள். அடுத்த பருவம் ஒரே பிரிவில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம், 7 அணிகள் கீழே! 18 என்ற எண்ணிக்கை 1994-95இல் வந்தது. 1993 முதல் 2008 வரை 3ஆம் இடமும் நேரடி உயர்வு என்பதால், அந்தக் காலப் பட்டியலில் படி 3 தேவையில்லை.

1995-96க்கு முன் வெற்றிக்கு 2 புள்ளிதான். புள்ளிகள் 45:31 என்று இரட்டையாக இருக்கும்; முதல் எண் பெற்றது, இரண்டாவது இழந்தது. இன்றைய கணக்குக்கு மாற்ற, முதல் எண்ணோடு வெற்றிகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும்.

படி 5: உரிமத்தையும் சரிபாருங்கள்

பட்டியலில் இடம் கிடைத்தாலும், நிதி நிலையைக் காட்டி உரிமம் வாங்காத கிளப் ஆட முடியாது. 2017இல் 1860 மியூனிக் அணி 16ஆவதாக வந்து, மோதலில் 3. லிகாவின் ரேகன்ஸ்பர்க்கிடம் தோற்றது. 3. லிகா உரிமத்துக்கான பணமும் சேராததால், ஒரே கோடையில் நான்காம் அடுக்குக்கு இறங்கியது.