கப்பி மீனின் வாலைக் கிழித்தது நோய் அல்ல

என் மீன் தொட்டியில் கப்பிகளின் வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. கடையில் பூஞ்சை என்று சொல்லி நீல மருந்து கொடுத்தார்கள். ஆனால் கிழிந்த ஓரத்தில் வெள்ளைப் படலமோ பஞ்சோ இல்லை. மருந்தை ஊற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். தீனி போட்ட கொஞ்ச நேரத்தில் அதே தொட்டியில் இருந்த டைகர் பார்ப் மீன் ஒன்று பின்னாலிருந்து பாய்ந்து, கப்பியின், வாலில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடியது.

டைகர் பார்ப் கூட்டத்தோடு வாழும் மீன். 8, 10 சேர்ந்திருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். இரண்டு மூன்று மட்டும் இருந்தால் அந்த வேகமெல்லாம் நீள வால் மீன்கள் மேல் திரும்பிவிடும். என் 2 அடித் தொட்டி சுமார் 50 லிட்டர்தான், கூட்டத்தைக் கூட்ட இடமில்லை. பார்ப் மட்டுமே வளர்க்கும் மாமாவின் பெரிய தொட்டிக்கு அவற்றை அனுப்பிவிட்டேன்.

பதிலுக்கு ஆண் பிளாட்டி மீன்கள் வாங்கினேன். எங்கள் சென்னை போர் தண்ணீர் கடினமானது, அதாவது தாது உப்பு அதிகம். கப்பிக்கும் பிளாட்டிக்கும் அதுதான் ஒத்துக்கொள்ளும். நியான் டெட்ரா மீனுக்கு உப்பு குறைந்த மென்னீர் வேண்டும். அழகுக்காக அதை இதில் விட எனக்கு மனசு வரவில்லை.

வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். மருந்தில்லாமலே வால் ஓரத்தில் கண்ணாடி போல் புது சவ்வு வந்து, பிறகு நிறமும் ஏறியது.