சிண்டிகேட்டுக்கு மனு எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மதிப்பெண் சான்றிதழ் தாமதம், கட்டண உயர்வு என்று மனு எழுதித் தரச் சொல்லி இப்போதும் பிள்ளைகள் வருவார்கள். நேரே சிண்டிகேட்டுக்கே அனுப்பலாமா என்பதுதான் முதல் கேள்வி.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் குழுதான் சிண்டிகேட். துணைவேந்தர் தலைமை வகிப்பார். உயர்கல்வித் துறைச் செயலர் போன்றவர்கள் பதவி வழியாக வருபவர்கள். தேர்தல், நியமனம் மூலமும் சிலர் வருவார்கள். அதிகாரிகள் கோப்பைப் பார்த்துப் பேசுவார்கள், கல்லூரி ஆசிரியராக இருக்கும் உறுப்பினருக்கு உங்கள் சிரமம் சொல்லாமலே புரியும். அதனால் யார் யார் எந்த வழியில் வந்தவர்கள் என்று முதலில் பாருங்கள்.

ஒருவருடைய சான்றிதழ் சிக்கல் என்றால் தேர்வாணையர் அலுவலகமே போதும். எல்லாரையும் பாதிக்கும் விஷயத்தைத்தான் சிண்டிகேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மனுவைப் பதிவாளர் பெயருக்கு எழுதி, உறுப்பினர்களுக்கு நகல் அனுப்புங்கள். ஒரு பக்கம், ஒரே கோரிக்கை, அதற்கான சுற்றறிக்கையின் எண்ணும் தேதியும். 'சமூகம் அறிவது' என்று தொடங்கிப் பாதிப் பக்கம் புகழ்ந்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு நேரில் போனால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "பாத்துக்கிடுதோம்" என்ற வாய்வார்த்தை செல்லாது.

பதில் வரவில்லையா? சரி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மனுமீது எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.